தொலைந்துபோன சுரங்கத்தின் தாது கையில் இருந்தால், சுரங்கத்தையே கண்டுபிடித்துவிடலாமா?

தாது என்றால் உலோகம் கலந்த பாறை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள சூப்பர்ஸ்டிஷன் மலையில் ரகசியத் தங்கச் சுரங்கம் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் ஜேக்கப் வால்ட்ஸ் 1891-ல் பீனிக்ஸில் இறந்தார். கட்டிலுக்கடியில் மெழுகுவத்திப் பெட்டியில் தாது இருந்ததாம். அந்தத் தாதுவில் செய்தது என்று ஒரு தீப்பெட்டி உறையையும் காட்டுகிறார்கள்.

இயற்கைத் தங்கம் சுத்தத் தங்கமல்ல. பூமிக்கடியில் வெந்நீரில் கரைந்து வந்து பாறை வெடிப்புகளில் படியும்போது வெள்ளி, கொஞ்சம் செம்பு, பாதரசம் எல்லாம் கூடவே ஒட்டிக்கொள்ளும். ஊருக்கு ஊர் கிணற்றுத் தண்ணீரின் ருசி மாறுகிற மாதிரி, இந்தக் கலவையும் இடத்துக்கு இடம் மாறும். லேசரால் கண்ணுக்குத் தெரியாத துளி பொசுக்கி, அந்த ஆவியில் என்னென்ன எவ்வளவு என்று அளக்கிறார்கள். ஒட்டியிருக்கும் வெண்கல் (குவார்ட்ஸ்) பாறையும் நல்ல சாட்சி. உருக்கிய நகை என்றால் கதை கெட்டது. பல ஊர்த் தங்கம் அதில் கலந்திருக்கலாம்.

இந்தச் சோதனை சுரங்கத்துக்கு வரைபடம் தந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள்; தராது. தெரிந்த சுரங்கத்தின் மாதிரியோடு ஒப்பிடத்தான் முடியும். எதனோடும் பொருந்தவில்லை என்பதற்காக வால்ட்ஸின் சுரங்கம் உண்மை என்று ஆகிவிடாது.