லண்டனில் நவீன நடன நிகழ்ச்சிகளை எங்கே, எந்த மாதத்தில் பார்க்கலாம்?

பரதம் கற்றவர் நீங்கள், அக்டோபரிலிருந்து ஆறு மாதம் லண்டனில் தங்கப் போகிறீர்கள், 'கன்டெம்பரரி' நடனம் இதுவரை பார்த்ததில்லை, எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான நேரத்தில்தான் வருகிறீர்கள். நான் ஈஸ்ட்ஹாம்வாசி. எனக்கு ஆடத் தெரியாது, பார்க்கத்தான் தெரியும். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

முதலில் இருக்கை விஷயம். பரதம் என்றால் முதல் வரிசைக்கு அடித்துக்கொள்வோம். கண்ணும் புருவமும் தெரிய வேண்டுமே. இங்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இருபது பேர் தரையில் போடும் கோலம்தான் பாதி நடனம், அது மாடியிலிருந்துதான் தெரியும். மேல்மாடி டிக்கெட்தான் விலையும் குறைவு. கீழே பெரிய தொகை கொடுத்து உட்கார்ந்து, முன்னால் ஆடுபவரின் முதுகையே பார்த்துவிட்டு வந்த அனுபவம் எனக்கு உண்டு.

இனி இடங்கள். பெரிய நடன அரங்கம் சாட்லர்ஸ் வெல்ஸ். ஏஞ்சல் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். ஏறத்தாழ 1,500 பேர் உட்காரலாம். பெயரில் இருக்கும் வெல்ஸ் நம்ம கிணறுதான். 1683இல் சாட்லர் என்பவரின் இடத்தில் மருந்துத் தண்ணீர்க் கிணறு கிடைத்ததாம், அதைக் குடிக்க வந்த கூட்டத்துக்காக ஆரம்பித்ததுதான் ஆட்டமும் பாட்டும். இப்போதிருக்கும் கட்டடம் 1998இல் திறந்தது. டிசம்பரில் பெரும்பாலும் நடன அமைப்பாளர் மேத்யூ போர்னின் குழு அங்கே வாரக்கணக்கில் ஆடும். ஆண்கள் அன்னங்களாக வரும் அவருடைய 'ஸ்வான் லேக்' 1995இல் முதலில் மேடையேறியதும் அங்கேதான். கதை இருக்கும், அலங்காரம் இருக்கும், குடும்பத்தோடு போகலாம். ஆனால் நீங்கள் தேடுவது அது இல்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் தேடுவது ஜனவரி, பிப்ரவரியில் கிடைக்கும். யூஸ்டன் பக்கத்தில் தி பிளேஸ் என்ற சின்ன அரங்கம், நடனப் பள்ளியோடு சேர்ந்தது. அங்கே அந்த மாதங்களில் 'ரெசல்யூஷன்' என்ற விழா நடக்கும். ஒவ்வோர் இரவும் மூன்று புதிய குழுக்கள், மூன்று சின்னப் படைப்புகள். சிலது சகிக்காது, சொல்லிவிடுகிறேன். ஒருவர் சும்மா நின்று மூச்சு வாங்குவதையே கால் மணி நேரம் பார்க்க நேரலாம். ஆனால் முடிந்ததும் ஆடியவர்களே பாரில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள், "அந்த இடத்தில் ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று நேராகவே கேட்கலாம்.

வந்து இறங்கும் அக்டோபரிலேயே ஏதாவது பார்க்க வேண்டுமானால் 'டான்ஸ் அம்ப்ரெல்லா'. 1978இல் ஆரம்பித்த விழா, ஊரின் பல அரங்குகளில் நடக்கும்.

பரதம் தெரிந்தவர் என்பதால் இன்னொன்று. நடன அமைப்பாளர் ஷோபனா ஜெயசிங் பெயர் கண்ணில் பட்டால் விடாதீர்கள். சென்னையில் பிறந்தவர், 1988இல் லண்டனில் குழு தொடங்கினார். பரதத்தின் அரைமண்டியும் அடவும் எங்கே ஒடிந்து வேறொன்றாகிறது என்பது மற்றவர்களைவிட உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். வட இந்தியக் கதக் நடனத்திலிருந்து வந்த அக்ரம் கானும் அப்படித்தான்.

"இதுக்கு என்ன கதை?" என்று மட்டும் கேட்காதீர்கள். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அதைத்தான் கேட்டார். 2022இல் சாட்லர்ஸ் வெல்ஸில் ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பவுஷின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' பார்க்கப் போயிருந்தோம். ஆப்பிரிக்காவின் 14 நாடுகளிலிருந்து வந்த கலைஞர்கள் ஆடினார்கள். இடைவேளையில் காபிக்கு எழுந்தோம், ஆனால் பாதிப் பேர் நகரவே இல்லை. மேடையில் ஆட்கள் கருமண்ணைக் கொட்டி, தள்ளிப் பரப்பி, மட்டம் செய்துகொண்டிருந்தார்கள். அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டார். "நாத்து நட பரம்படிக்கிற மாதிரியே இருக்குடா" என்றார். அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். வேலை முடிந்ததும் மண் பரப்பியவர்களுக்கே கைதட்டல். அப்புறம் ஆட்டம். ஒரு சிவப்பு உடை பெண்கள் கையில் மாறி மாறிப் போகும். யார் உடம்பில் ஏறுகிறதோ அவள்தான் பலி. போகப் போக மண் வேர்வையில் குழைந்து எல்லார் உடம்பிலும் அப்பிக்கொண்டது. அம்மா அதற்குப் பிறகு கதை கேட்கவில்லை. ரயிலில் வரும்போது, "அந்த மண்ணை நாளைக்கு என்ன பண்ணுவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

தங்குவது கிழக்கு லண்டன் என்றால் ஸ்ட்ராட்ஃபோர்டிலேயே சாட்லர்ஸ் வெல்ஸ் ஈஸ்ட் 2025 பிப்ரவரியில் திறந்துவிட்டது. ஒலிம்பிக் பூங்காவுக்குள், 550 இருக்கைகள். 2012 ஒலிம்பிக் தொடக்க விழாவில் அக்ரம் கான் ஆடியதும் இந்தப் பூங்காவின் ஸ்டேடியத்தில்தான். புது அரங்கின் முன்கூடத்திலேயே ஆடுவதற்கென்று ஒரு தளம் போட்டிருக்கிறார்கள். வாங்கிய காபியோடு அதன் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

கடைசியாக, நேரம். ஏழரை என்றால் ஏழரைதான், நம்ம ஊர் சபா மாதிரி நடுவில் நுழைய முடியாது. ஒரு முறை ரயில் காலை வாரியதில் முதல் பாதி முழுவதையும் வெளியே இருந்த சின்ன டிவியில் பார்த்தேன். ஏழு மணிக்கே போய்விடுங்கள், குளிர் கோட்டுகளை ஒப்படைக்கும் வரிசையும் நீளமாகத்தான் இருக்கும்.