விதை வயலில் கலவன் பிடுங்குகிறவனின் பதில்

கேள்வி: ‘கட்டாக்கா’ படத்தைப் போல, மரபணுவைப் பார்த்து மனிதர்களை மேல், கீழ் என்று பிரிக்கும் சமூகத்தைப் பற்றிய அறிவியல் புனைகதைகள் நடக்கக்கூடியவையா, வெறும் பயமுறுத்தலா?

பாதி நடந்துகொண்டிருக்கிறது என்பதே என் பதில். நான் விஞ்ஞானி இல்லை. நீடாமங்கலத்துக்குத் தெற்கே சில ஏக்கரில் நெல் விதை உற்பத்தி செய்கிறவன். அந்தக் கதைகளில் மனிதர்களுக்குச் செய்வதை நான் ஒவ்வொரு பருவமும் பயிருக்குச் செய்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

விதை வயலில் கலவன் அகற்றுதல், அதாவது ரகத்துக்குப் பொருந்தாத செடிகளைக் களைதல், என்று ஒரு வேலை உண்டு. பயிர் பூக்கும் நேரத்திலும், கதிர் முற்றுவதற்கு முன்பும், வரிசை வரிசையாக வயலுக்குள் இறங்கி நடக்க வேண்டும். மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து நிற்கும் குத்து, நாலு நாள் முந்திப் பூத்தது, மணியில் மீசை உள்ளது, கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலை வேறு சாய்வில் இருப்பது, எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும். விவசாயிக்கு விற்கும் சான்று விதைக்கு ஆயிரம் செடியில் இரண்டு கலவன் வரை பொறுத்துக்கொள்வார்கள். அந்தச் சான்று விதையை உண்டாக்கப் பயன்படும் ஆதார விதை என்றால் பத்தாயிரத்தில் ஐந்துதான். பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால் நடுவில் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். சான்று அலுவலர் வந்து பார்த்து, எண்ணி, கையெழுத்திட்ட பிறகுதான் மூட்டைக்கு அட்டை கிடைக்கும். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை.

இதில் வெளியாருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கலவன் என்றால் கெட்ட செடி என்று பொருள் இல்லை. ஒரு சம்பாப் பருவத்தில், சி.ஆர். 1009 என்ற நெல் ரக வயலின் நடுவே ஒரு குத்து நின்றது. தூர் தடிமனாக, கதிர் நீளமாக, மணி நெருக்கமாக இருந்தது. வயலிலேயே அழகான செடி அதுதான். பிடுங்கிப் போட்டேன். அட்டையில் எழுதியிருக்கும் பெயருக்கு அது பொருந்தவில்லை. பிடுங்க அந்த ஒரு காரணம் போதும்.

கட்டாக்கா 1997இல் வந்த படம். மரபணுவின் ஜி, ஏ, டி, சி என்ற நான்கு எழுத்துகளை மட்டும் கொண்டு கோத்த பெயர் அது. கதாநாயகன் வின்சென்ட் பிறந்த சில நொடிகளிலேயே ஒரு துளி இரத்தத்தை வைத்து, இதய நோய் வர 99 சதவீத வாய்ப்பு, ஆயுள் 30.2 ஆண்டு என்று சொல்லிவிடுகிறார்கள். விண்வெளிக்குப் போக வேண்டும் என்பது அவன் கனவு. கிடைப்பதோ அதே நிறுவனத்தில் தரை துடைக்கும் வேலை. பிறகு இன்னொருவரின் இரத்தத்தையும் சிறுநீரையும் முடியையும் கடன் வாங்கி அவன் உள்ளே நுழைகிறான். அங்கே ஒரு கொலை நடக்கிறது. உதிர்ந்த ஓர் இமைமுடி அவனைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறது. பரபரப்பான கதைதான். ஆனால் என்னை உலுக்கியது வேறு ஓர் இடம். அந்தச் சமூகத்தில் மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவது சட்டப்படி குற்றம். ஆனாலும் கதவுக் கைப்பிடியில் ஒட்டியதைக்கூட எடுத்துச் சோதித்துவிட்டு, வேறு காரணம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

இதை நான் வெறும் கற்பனையாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் என் கண். எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. இருபத்திரண்டு வயதில், சிக்னல் பார்த்து வண்டி ஓட்டும் ஒரு பணிக்குத் தேர்வு எழுதித் தேறினேன். மருத்துவப் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகத்தைக் காட்டினார்கள். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட சோதனை அது. மற்றவர்கள் எண்ணைப் பார்த்த இடத்தில் எனக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. அன்று மாலை பஸ் ஏறி ஊருக்குத் திரும்பினேன். அந்தப் பயணத்தில் மன்னார்குடி வரை யாரோடும் பேசவில்லை.

அந்த நிராகரிப்பை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். சிவப்பு விளக்கைப் பிழையாகப் பார்த்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் உயிர் போகும். அவர்கள் சோதித்தது என் கண்ணை. அன்றைக்கு, அந்த வேலைக்குத் தேவையான ஒரு திறனை. தாங்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது. எனக்குப் பேசி முடித்த ஒரு சம்பந்தம், “பரம்பரையில் கண் குறை இருக்கிறதாம்” என்ற ஒரே சொல்லில் நின்றுபோனது. பிறக்காத பிள்ளைகளின் பெயரால் என்னை மறுத்தார்கள். என்னால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கட்டாக்காவின் ஆய்வுக்கூடம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

வருத்தம் என்னவென்றால், அவர்களுக்கு இருந்த பயத்துக்கு அறிவியலில் பெரிதாக இடமில்லை. இந்தக் குறைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது தாயிடமிருந்து வருவது. அதனால் என் மகனுக்கு இது என் வழியாக வரவே முடியாது. எனக்கு இது அம்மா வழியாக, அம்மாவுக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது. தாத்தா கொல்லைக்குப் போனால் பழுத்த மிளகாயையும் காயையும் ஒன்றாகப் பறித்து வந்துவிடுவார் என்று ஆச்சி சொன்னதுண்டு. அவருக்குப் புள்ளிப் புத்தகத்தை யாரும் காட்டவில்லை. சுற்று வட்டாரத்தில், விதை நெல்லை வைக்கோலில் பொதிந்து வைக்கும் விதைக்கோட்டை கட்டுவதில் அவருக்கு இணையான ஆள் இல்லை என்றுதான் இன்றுவரை பேசுகிறார்கள்.

நெல்லுக்குத் திரும்புகிறேன். என் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி 1922இல் தொடங்கியது. 1960களில் குட்டை ரகங்கள் வந்தன. உரம் போட்டால் சாயாமல் நின்று மணி பிடித்தன. பஞ்சம் பார்த்த ஊருக்குச் சோறு கிடைத்தது. அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து ஆறும் வாய்க்காலும் ஒன்றாகும்போது, டெல்டாவின் கடைமடையில் இளம் சம்பாப் பயிர் ஒரு வாரம், பத்து நாள் முழுகிக் கிடக்கும். முழுகிய பயிர் காற்றுக்காக மேலே வர முயன்று தண்டை நீட்டும். சேர்த்துவைத்த மாவுச்சத்து அதிலேயே தீர்ந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகும். அந்த நாற்றத்தை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது.

இதற்கு விடை ஒடிசாவின் ஓர் உள்ளூர் நெல்லில் இருந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம் விளைச்சலில் பின்தங்கியது. யாரும் அதை ஆசையோடு பயிரிட்டிருக்கமாட்டார்கள். ஆனால் முழுகினால் அது பதறுவதில்லை. வளர்ச்சியை நிறுத்தி, இருக்கும் சத்தைக் காத்துக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் காத்திருக்கும். அதற்குக் காரணமான சப்1ஏ என்ற மரபணுவை 2006இல் கண்டுபிடித்து அறிவித்தார்கள். அதை ஏற்றிய சி.ஆர். 1009 சப் 1 இன்று எங்கள் பகுதியில் பயிராகிறது. வெள்ளம் வடிந்த மறுவாரம், செத்ததாக நினைத்த வயலில் புதுக் குருத்து எழுவதை நானே குனிந்து பார்த்திருக்கிறேன்.

எஃப்.ஆர். 13ஏ-வுக்கு 1970இல் ஒருவர் மதிப்பெண் போட்டிருந்தால் எத்தனை போட்டிருப்பார்? விளைச்சலுக்குக் குறைவு, தோற்றத்துக்குக் குறைவு. முழுகித் தாங்குவது என்ற கட்டமே பலருடைய தாளில் இருந்திருக்காது. விதைச் சேமிப்பில் யாரோ அதை விட்டுவைத்ததால்தான் எங்களுக்குச் சோறு. சுனாமியில் உப்பேறிய நாகப்பட்டினம் கரையோர நிலங்களுக்குக் குழியடிச்சான் போன்ற பழைய நெல்லைத் தேடிப் போனதும் இதே கதைதான்.

நெல்லில் எதற்காகத் தேர்வு செய்கிறோம் என்பது எனக்குத் தெரியும்: எடை, வயது நாள், அரிசியின் நீளம், ஆலைக்காரர் கேட்கும் பதம். கேட்பவர் ஒருவர் இருக்கிறார், அவருக்காகப் பிடுங்குகிறேன். மனிதரில் கேட்பவர் யார்? எந்த ஆலைக்கு? இந்தக் கேள்வியைத்தான் அந்தக் கதைகள் எழுப்புகின்றன, இதற்குத்தான் நம்மிடம் பதில் இல்லை. அரிவாள் அணு இரத்தசோகையின் மரபணு இரண்டு பிரதியாக வந்தால் கொடிய நோய். ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பு. அதை ‘குறை’ என்று எழுதுவதா, ‘வரம்’ என்று எழுதுவதா? பிள்ளை பிறக்கும் ஊரைப் பொறுத்தது.

கருவிகள் வந்துவிட்டன என்பதில் சந்தேகம் வேண்டாம். 2003இல் மனித மரபணுத் தொகுப்பு வாசிப்புத் திட்டம் முடிந்ததாக அறிவித்தார்கள். சோதனைக் குழாய்க் கருவைக் கருப்பையில் வைக்கும் முன்பே சோதிப்பது 1990 முதல் நடக்கிறது. 2018இல் சீனாவில் ஹே ஜியான்குய், மரபணு திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு அவருக்கு மூன்றாண்டுச் சிறை கிடைத்தது. கொடிய ஒற்றை மரபணு நோயைத் தடுக்க ஒரு குடும்பம் சோதனை செய்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். தலசீமியா உள்ள பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றும் பெற்றோரிடம் போய்த் தத்துவம் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வாசல் வழியாகவே உயரம், நிறம், புத்தி என்று பட்டியல் நுழையும். உயரம் ஒன்றுக்கே ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. அதைக் கூட்டிக் கழித்து ஒரு கருவுக்கு எண் கொடுப்பது கணிப்புத்தான், ஆனால் கையில் வாங்குகிறவர் அதைத் தீர்ப்பாகவே படிப்பார்.

சட்டம் காக்குமா என்றால், ஓரளவு. அமெரிக்காவில் 2008இல் ஒரு சட்டம் வந்தது. மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை. நம் நாட்டில் 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம், மரபணுக் கோளாறு என்று பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் கருவில் பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இலேயே வந்தது. வந்த பிறகும் என்ன நடந்தது என்பது நம் வீடுகளுக்குத் தெரியும்.

பிறப்பை வைத்துத் தரம் பிரிக்க இந்த மண்ணுக்கு நுண்ணோக்கி தேவைப்பட்டதே இல்லை. கீழவெண்மணியில், கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்டவர்களின் குடும்பங்களில் 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவில் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம் அது. யார் எங்கே நடக்கலாம், எவ்வளவு கேட்கலாம் என்பதைப் பிறந்த தெருவே முடிவு செய்த ஊர்கள் இவை. மரபணு அறிக்கை என்ற காகிதம் இப்படிப்பட்ட ஊருக்கு வரும்போது வெற்றுத் தாளாக வராது. பழைய கணக்கை எழுத ஒரு புதிய மை கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று பயப்படுகிறேன்.

போன ஆண்டு என் தங்கையின் மகன், ஏழு வயது, பள்ளியில் வாழை இலைக்குச் செந்நிறம் தீட்டியிருக்கிறான். ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார். தங்கை இரவு பத்து மணிக்குப் போன் செய்து அழுதாள். “மாமியார் என் வம்சத்தைப் பேசுகிறார் அண்ணா” என்றாள். பக்கத்தில் இருந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு, “எல்லாம் என் வழியாக வந்தது” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். கதைகளில் ஆய்வுக்கூடமும் துப்பறிவாளரும் வருகிறார்கள். எங்கள் வீட்டில் எழுபது வயதுத் தாய் ஒருத்தி, தான் தேர்ந்தெடுக்காத ஒரு குரோமோசோமுக்காக விடியும்வரை தூங்கவில்லை.

தை மாதம் அந்தப் பையன் வந்திருந்தான். அறுப்புக்கு முந்தின நாள் வரப்பில் நடந்தபோது, “எது பழுத்தது மாமா? எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது” என்றான். எனக்கும் அப்படித்தான் என்றேன். நம்பாமல் என் முகத்தைப் பார்த்தான். கதிரின் அடிப்பகுதியிலிருந்து இரண்டு மணி உருவி அவன் உள்ளங்கையில் வைத்து, தாத்தா எனக்குக் காட்டியதுபோல் பல்லில் கடிக்கச் சொன்னேன். மணி நசுங்கியது; இன்னும் பால் போகவில்லை. அடுத்த வயலுக்குப் போனோம். அங்கே ‘கடுக்’ என்று சத்தம் கேட்டது.

“இது அறுக்கலாம்” என்றான்.