மழையே இல்லாம வெள்ளமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளும் மாப்பிள்ளையும் கனடாவுல ஃபோர்ட் மக்மர்ரிங்கிற ஊருக்கு வேலைக்குப் போயிருக்காக. வீடு ஆத்துக்குப் பக்கத்துல. ஏப்ரல் மாசம் ஐஸ் அடைச்சு வெள்ளம் வரும், ரெடியா இருங்கன்னு சொல்றாகளாம். மழையே பெய்யாம எப்படிப்பா வெள்ளம் வரும்? முன்கூட்டியே சொல்லிட மாட்டாகளா? – ஒரு ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, நம்ம கண்மாய் கலுங்கை நினைச்சுக்கங்க. ஒரு ஐப்பசியில எங்க ஊர் கலுங்குல ஆகாயத்தாமரையும் வெட்டிப் போட்ட சீமைக்கருவ முள்ளும் சேந்து வந்து அடைச்சுக்கிச்சு, மழை விட்டு ரெண்டு நாளாச்சு, வெயில் சுள்ளுன்னு அடிக்குது, ஆனா தண்ணி மட்டும் ஏறிக்கிட்டே வந்து கீழத்தெரு திண்ணை வரைக்கும் நின்னுச்சு. நாலு பேர் இடுப்புல கயித்தைக் கட்டி இறங்கி முள்ளை இழுத்தப்புறந்தான் வடிஞ்சுச்சு. அங்கயும் இதேதான், முள்ளுக்குப் பதிலா டன் கணக்குல ஐஸ் பாளம்.

அந்த ஊர் அத்தபாஸ்கா ஆறு தெக்க இருந்து வடக்க ஓடுது, அதான் வம்பே. மேல தெக்குப் பக்கம் முதல்ல வெயில் வந்து பனி உருகித் தண்ணி தள்ளிக்கிட்டு வரும், கீழ வடக்க ஆறு இன்னும் கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கும். உடைஞ்ச பாளமெல்லாம் வளைவுலயும் திட்டுலயும் முட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். 2020 ஏப்ரல் கடைசியில சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு அடைச்சு, வந்து சேர்ற கிளியர்வாட்டர் ஆத்துத் தண்ணி போக வழியில்லாம ஊருக்குள்ள திரும்பிருச்சு. கொரோனா நேரம் வேற, ஏறக்குறைய 13,000 பேரை வெளியேத்துனாக.

முன்கூட்டி சொல்றதுன்னா, பாதி சொல்லலாம். குளிர்காலம் பூரா தினமும் ஜீரோவுக்குக் கீழ எத்தனை டிகிரி போச்சுன்னு கூட்டிக்கிட்டே வந்தா ஐஸ் எவ்வளவு தடிமன்னு ஓரளவு தெரிஞ்சிரும். மலையில எவ்வளவு பனி கிடக்கு, வெயில் எப்படி வருதுன்னும் பாப்பாக. மெல்ல மெல்ல வெயில் ஏறுனா ஐஸ் இருந்த இடத்துலயே நைஞ்சு போயிரும், தொந்தரவு இல்ல. திடீர்னு சூடும் மழையும் சேந்து வந்தா, இன்னும் கெட்டியா இருக்கிற ஐஸைத் தண்ணி நெம்பி உடைக்கும், அதான் ஆபத்து. அதனால 'இந்த வாரம் உஷாரு'ன்னு சொல்லிடலாம், எந்த வளைவுல முட்டும்னு அடிச்சுச் சொல்றது ரொம்பக் கஷ்டம். அமெரிக்காவுல மான்ட்பீலியர்னு ஒரு ஊர்ல 1992 மார்ச்சுல அடைச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள கடைத்தெருவே முங்கிருச்சு. அதனால மகள்ட்ட பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர் எல்லாம் ஒரு பையில போட்டு வாசல்கிட்ட வைக்கச் சொல்லுங்க, சாமானை அப்புறம் பாத்துக்கலாம்.

கேள்வி: குண்டு போட்டு உடைச்சா முடிஞ்சு போச்சுல்ல? – காரைக்குடி காலேஜ் மாணவர்

பதில்: போட்டாங்க தம்பி, 2001-ல ரஷ்யாவுல லேனா ஆத்துல விமானத்துல இருந்தே போட்டாங்க, அப்பவும் லென்ஸ்க் ஊர் முங்கத்தான் செஞ்சுச்சு. கீழ இழுத்துட்டுப் போக வழி இல்லன்னா உடைச்சது அடுத்த வளைவுல போய் அடைச்சுக்கும். என்னைக் கேட்டா, வர்றதுக்கு முன்னாடி செய்யிற வேலைதான் வேலை. கனடாவுல வின்னிபெக்குக்கு வடக்க ரெட் ஆத்துல குளிர் விடுறதுக்குள்ளயே ஐஸை அறுத்து, தண்ணியிலயும் ஐஸ் மேலயும் ஏறிப்போற ஆம்ஃபிபெக்ஸ்ங்கிற மெஷினை விட்டு உடைக்கிறாங்க. அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல ஹார்ட்விக்ங்கிற சின்ன ஊர்ல இன்னும் சிம்பிள், ஊருக்கு மேல ஆத்துக்குள்ள நாலு பெரிய கருங்கல்லை வரிசையா வச்சுட்டாங்க, பாளம் அங்கயே முட்டி நிக்கும், தண்ணி ஓரமா வழிஞ்சு போயிரும். கல்லுக்கு நம்ம ஊர்ல பஞ்சமே இல்ல, ஐஸ்தான் இல்ல.

கேள்வி: ஐஸ் உடையிறதுக்குப் பந்தயம் கட்டுவாகளாமே, நெசமா? – கானாடுகாத்தான் வாசகர்

பதில்: நெசந்தான். அலாஸ்காவுல நெனானாங்கிற ஊர்ல 1917-ல இருந்து நடக்குது. உறைஞ்ச ஆத்து மேல மரத்தால செஞ்ச ஒரு கூம்பை நட்டு, அதுல இருந்து கரையில இருக்கிற கடிகாரத்துக்குக் கம்பி இழுத்திருப்பாங்க, ஐஸ் நகந்து கூம்பு போனா கடிகாரம் நின்னுரும், அந்த நிமிஷத்தைச் சரியாச் சொன்னவருக்குப் பணம். நூறு வருஷத்து நேரமும் அப்படியே பதிவாகிக் கிடக்குறதால, இப்ப விஞ்ஞானிங்க அந்தச் சூதாட்டக் கணக்கை எடுத்து வச்சுதான் ஐஸ் எவ்வளவு சீக்கிரம் உடையுதுன்னு பாத்துக்கிட்டிருக்காங்க.