சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் ஏன் ஓட மறுக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 38. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. போன மாதம் சென்னைப் பக்கம் கடலோரத்தில் ஒலிம்பிக் தூர டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து) ஒன்றில் கலந்துகொண்டேன். 1.5 கி.மீ. நீச்சல் 38 நிமிடம், 40 கி.மீ. சைக்கிள் 1 மணி 19 நிமிடம். சைக்கிளில் வெறும் தண்ணீர்தான் குடித்தேன். அதுவரை பிரமாதம். ஓட ஆரம்பித்ததும் தொடை கல்லாகிவிட்டது. மூன்றாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தனியாக ஓடினால் 10 கி.மீ. 58 நிமிடம், அன்று 1 மணி 22 நிமிடம், பாதிக்கு மேல் நடைதான். "இவ்வளவு காசு கட்டி நடக்கவா போனீங்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஓட்டப் பயிற்சியைக் கூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 10 கி.மீ.யை 58 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் அனுப்பிய வாட்ச் கணக்கைப் பார்த்தால் கோளாறு சைக்கிளில்தான் இருக்கிறது. ஞாயிறு காலை தேவனஹள்ளிப் பக்கம் போகும்போது சராசரி மணிக்கு 28 கி.மீ., நாடித்துடிப்பு 144. போட்டியன்று 30.4 கி.மீ., துடிப்பு 163. கடலோரச் சாலை சமதளம், வேகம் கொஞ்சம் தானாகவே கூடும் என்பது சரிதான். ஆனால் துடிப்பு பொய் சொல்லாது.

சமதளத்தில் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. வேகம் கொஞ்சம் ஏறினாலும் அந்தச் செலவு அதைவிட அதிகமாக ஏறும். ஒரே சாலையில் 28-லிருந்து 30.4-க்குப் போக ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் சக்தி வேண்டும். ஒலிம்பிக் வீரர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போய் இதை மிச்சம் பிடிப்பார்கள். நம்மைப் போன்ற அமெச்சூர்களின் போட்டிகளில் பெரும்பாலும் அதற்கு அனுமதி கிடையாது. சரி, இதில் உங்களுக்குக் கிடைத்தது என்ன? 28-லேயே போயிருந்தால் சைக்கிள் 1 மணி 26 நிமிடம் ஆகியிருக்கும். ஆக லாபம் 7 நிமிடம். ஓட்டத்தில் போனது 24 நிமிடம். அடுத்த போட்டியில் 28-லேயே போங்கள்.

அடுத்தது சாப்பாடு. சைக்கிளில் வெறும் தண்ணீர் மட்டும் குடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து கடும் உழைப்பில் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் தாங்கும். நீங்கள் ஓட ஆரம்பித்தபோதே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது! மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு பெரிய வாழைப்பழமும் ஒரு எனர்ஜி ஜெல்லும் (பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ்) சேர்ந்தால் 50 கிராம் பக்கம் வரும். சைக்கிள் ஏறிய பத்தாவது நிமிடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் வயிற்றை நிரப்பாதீர்கள். ஓ.ஆர்.எஸ். கலந்தால் போதுமா என்று பலர் கேட்பார்கள். அது உப்புக்கு நல்லது, ஆனால் ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், சாப்பாட்டுக்கு ஈடாகாது.

கெண்டைக்கால் பிடித்ததற்கு உப்புக் குறைவுதான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் பழகாத வேகத்தில் களைத்துப்போன தசைதான் அப்படி இழுக்கும். உப்பு மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம்.

இனிப் பயிற்சி. சைக்கிளில் குனிந்தே உட்கார்ந்திருந்ததால் இடுப்பின் முன்பக்கத் தசைகள் சுருங்கிக் கிடக்கும், தொடையும் களைத்திருக்கும். அந்த நிலையில் ஓடக் காலுக்குப் பழக்கம் வேண்டும். சைக்கிள் முடிந்த கையோடு ஓடும் இந்தப் பயிற்சிக்கு 'பிரிக்' என்று பெயர். வாரத்தில் ஒரு நாள் வீட்டிலேயே டிரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கி) 40 நிமிடம் மிதித்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு அபார்ட்மென்ட் வளாகத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓடுங்கள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்குங்கள். செக்யூரிட்டி ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. ஞாயிறன்று 40 கி.மீ. சைக்கிள், கடைசி 15 நிமிடம் போட்டி வேகத்தில், உடனே 4 கி.மீ. ஓட்டம். இதற்கு இடம் கொடுக்க, தனியாக ஓடும் நாட்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

போட்டியன்று கடைசி 2 கி.மீ.யில் லேசான கியருக்கு மாறி, நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்றுப் பக்கம் மிதியுங்கள். சீட்டிலிருந்து ஓரிரு முறை எழுந்து நின்று இடுப்பை நீட்டுங்கள். ஓட ஆரம்பிக்கும்போது ஒரு ஏமாற்று வேலை நடக்கும்: அதுவரை 28-ல் வந்த கண்ணுக்கு ஓட்டம் ஆமை வேகமாகத் தெரியும், நம்மை அறியாமல் விரட்டுவோம். கண்ணை நம்பாமல் வாட்சைப் பாருங்கள். முதல் கிலோமீட்டர் 6 நிமிடம் 45 விநாடி, காலடி சின்னதாக, வேகவேகமாக. அப்புறம் 6:20-க்கு வந்தால் போதும். தண்ணீர் தரும் இடத்தில் இருபது அடி நடந்து குடிப்பது தோல்வி அல்ல, கணக்குப் போட்டே அப்படிச் செய்யலாம்.

வெயிலையும் மறந்துவிடாதீர்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், காலையில் காற்று சில்லென்று இருக்கும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, தோலைக் குளிர்விக்கவே இரத்தம் ஓடும், காலுக்குப் பங்கு குறையும். உடம்பு இதற்குப் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து சில நாட்கள் காலை பத்து மணி வெயிலில் மெதுவாக ஓடுங்கள். தலைசுற்றல், குழப்பம், நெஞ்சுவலி, எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஒத்திகை பாருங்கள். 35 கி.மீ. சைக்கிள் நினைத்திருக்கும் வேகத்தில், அதே வாழைப்பழம், அதே ஜெல், இறங்கியதும் 6 கி.மீ. ஓட்டம். நான்காவது கிலோமீட்டரிலும் 6:20 நின்றால் அந்த வேகத்தையே வைத்துக்கொள்ளுங்கள். நிற்காவிட்டால் சைக்கிளில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் குறைத்து, அடுத்த ஞாயிறு இன்னொரு முறை பாருங்கள்.