புள்ள, புள்ளத்தாச்சி, புள்ளிங்கோ

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். தண்டையார்பேட்டைக்கு வாக்கப்பட்டு வந்து இருபது வருடம் ஆகிறது. எங்கள் ஊரில் ‘ஏ புள்ள’ என்றால் பெண்ணைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே என் மகன் முடிக்குக் கலர் அடித்ததிலிருந்து கல்லூரியில் அவனைப் ‘புள்ளிங்கோ’ என்கிறார்களாம். அவன் சிரிக்கிறான், எனக்கு வயிறு எரிகிறது. இது செல்லமா, திட்டா?
- ஒரு வாசகி

பதில்: ரெண்டும்தான் அம்மா. முதலில் ஒன்று, இதற்கும் பெரும்புள்ளி, கரும்புள்ளிக்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகள் புள்ளைங்க ஆகி, வடசென்னை வாயில் புள்ளிங்கோ ஆனது, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், தொல்காப்பியக் கணக்கில் மனிதக் குழந்தைக்குப் ‘பிள்ளை’ என்ற பெயரே கிடையாது. மக்களுக்குக் குழவியும் மகவும் மட்டும்தான் என்கிறது அதில் மரபியல் என்ற பகுதி. ‘பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை’, அதாவது பிள்ளை என்பது பறவைக் குஞ்சு. செடி கொடிக்கும் அது ஆகும். கிளிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று இன்றும் சொல்கிறோமே. பிறகுதான் நம் வீட்டுக்குள் வந்து, சாமிக்குப் பிள்ளையார், பாட்டுக்குப் பிள்ளைத்தமிழ், சிலருக்குச் சாதிப் பட்டம் என்று எங்கெங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

உங்கள் தெருவிலேயே கவனியுங்கள். பஸ்ஸில் ‘புள்ளத்தாச்சி நிக்குது, எந்திரிப்பா’ என்று ஒரு குரல் வந்தால் சீட் காலியாகும். காசிமேட்டில் ரெண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்ளும்போது ஒரு பெரியவர் குறுக்கே புகுந்து, ‘உடு நைனா, நம்ம புள்ளதான்’ என்பார். பிடி தளரும். அந்தப் புள்ளைக்கு நாற்பது வயதிருக்கலாம், தொப்பைகூட இருக்கலாம். ‘எங்க ஏரியா புள்ளிங்கோ’ என்று பையன்கள் சொல்லிக்கொள்வதும் இதே உரிமையில்தான்.

ஊர் முழுக்கப் பரவியபோதுதான் சொல் கெட்டது. கலர் முடி, மூன்று பேர் ஏறிய பைக், கானா என்று ஒரு படத்தை வைத்துக்கொண்டு, வடசென்னைப் பையன் என்றாலே புள்ளிங்கோ என்று இளக்காரம் பண்ண ஆரம்பித்தார்கள். அதே தலையோடு அண்ணா நகர்ப் பையன் வந்தால் அது ஸ்டைல்!

அதனால் கலரை விடுங்கள், கொஞ்ச நாளில் போய்விடும். யார் சொல்கிறார்கள் என்று மட்டும் அவனிடம் கேளுங்கள். கூட டீ குடிக்கிறவன் சொன்னால் தலையிடாதீர்கள். பாடம் நடத்துகிறவர் சொன்னால், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நேரில் போய், ‘என் பையனுக்குப் பெயர் இருக்கிறது சார்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். மதுரைக் குரலிலேயே சொல்லலாம்.