ஒல்லியானவருக்கும் கொலஸ்ட்ரால் கூடுமா?

கேள்வி: எனக்கு வயது 41, உயரம் 158 செ.மீ., எடை 49 கிலோ. என் கணவர் 92 கிலோ, தொப்பையும் உண்டு. அண்மையில் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். எனக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 274, எல்.டி.எல். 196, அவருக்கு மொத்தம் 188, எல்.டி.எல். 98, எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 290. ரிப்போர்ட் மாறிவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. எண்ணெய்ப் பலகாரங்களை நான் தொடுவதே அரிது. என் அப்பாவும் ஒல்லிதான். 47 வயதில் மாரடைப்பில் இறந்தார்.

பதில்: சந்தேகம் தீர இன்னொரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள், ஆனால் ரிப்போர்ட் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கடைசியில் ஒரே வரியில் சொல்லி முடித்த செய்திதான் இதில் முக்கியமானது. தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு, மகளுக்கு 190-ஐத் தாண்டிய எல்.டி.எல். (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) என்ற இரண்டும் ஒரே குடும்பத்தில் இருந்தால், பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ரால் இருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும்.

நம் இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. எல்.டி.எல். துகள்களை இரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் இருக்கின்றன. இவற்றின் செயல்பாட்டை விளக்கிய மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இந்த ஏற்பிகள் தொடர்பான மரபணுவில் பிறவியிலேயே குறை இருக்கிறது. அவர்கள் எவ்வளவு மெலிந்திருந்தாலும், எவ்வளவு பத்தியமாகச் சாப்பிட்டாலும், எல்.டி.எல். இரத்தத்திலேயே தங்கி இளவயதிலிருந்தே இரத்தக்குழாய்ச் சுவரில் படிந்துகொண்டே வரும்.

உடல் எடை கொலஸ்ட்ராலைப் பாதிப்பதில்லை என்று இதற்குப் பொருளில்லை. எடை கூடும்போது, குறிப்பாக வயிற்றுக்குள் கொழுப்பு சேரும்போது, முதலில் ஏறுவது டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை இரத்தக் கொழுப்பு, கூடவே ‘நல்ல’ கொலஸ்ட்ராலான எச்.டி.எல். இறங்கும். எல்.டி.எல். அந்த அளவுக்கு மாறாமலும் இருக்கலாம். உங்கள் கணவரின் ரிப்போர்ட்டில் இருப்பது இதுதான். ஆகவே 98 என்ற எண்ணைப் பார்த்து அவர் நிம்மதியடைய வேண்டாம். மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்.டி.எல்.-ஐக் கழித்தால் அவருக்கு 156 வருகிறது. விரும்பத்தக்க அளவு 130-க்குக் கீழ். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே டிரைகிளிசரைடு கணிசமாக இறங்கும். சர்க்கரை அளவையும் அவர் பார்த்துக்கொள்வது நல்லது. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பதே எல்லை என்பதால், எடை இயந்திரத்தோடு அளவு நாடாவும் வீட்டில் இருக்கட்டும்.

உங்களுக்கு எடையைக் குறைக்கச் சொல்ல இடமே இல்லை. 49 கிலோவிலிருந்து இன்னும் மெலிந்தால் தீங்குதான் வரும். முதலில் தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஏனெனில் தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகளையும் மருத்துவர் சொல்லக்கூடும். குதிகாலுக்கு மேலுள்ள தசைநார் தடித்திருக்கிறதா, கண்ணிமையோரம் மஞ்சள் திட்டுகள் உள்ளனவா என்றும் அவர் பார்ப்பார்; அவை இல்லையென்பதால் மட்டும் பரம்பரைக் குறை இல்லையென்று முடிவு கட்டிவிட முடியாது. நெய், வெண்ணெய், தேங்காயெண்ணெய், பாமாயில் ஆகியவற்றைக் குறைப்பது பயன் தரும். ஆனால் 196-ஐ உணவு மட்டுமே பாதுகாப்பான அளவுக்கு இறக்குவது அரிது. 190-க்கு மேல் நீடித்தால் எடை எவ்வளவாக இருந்தாலும் பொதுவாகக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. "ஒல்லியாக இருக்கும் எனக்கு எதற்கு மாத்திரை" என்று தயவுசெய்து மறுத்துவிடாதீர்கள். கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால் அதை மட்டும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பரம்பரைக் குறை உறுதியானால், அது ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் லிப்பிட் (இரத்தக் கொழுப்பு) பரிசோதனைக்கு அனுப்புங்கள். அவர்கள் ஒல்லியா, பருமனா என்று பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம்.