பார்த்த படமா, கேட்ட படமா?

பழைய சினிமாவையும் நடிகர்களையும் பற்றிய ஞாபகக் குழப்பங்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: குண்டடி பட்ட எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் வீடியோவை, தேர்தல் சமயத்தில் எங்கள் ஊர்த் திடலில் போட்டுக் காட்டினார்கள். கண்ணால் பார்த்தேன். அப்படி ஒரு வீடியோவே கிடையாது என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி? (மதுரை வாசகர்)

பதில்: வீடியோவும் உண்மை, கழுத்துக் கட்டும் உண்மை. ஆனால் இரண்டுக்கும் நடுவே 17 வருடம் இருக்கிறது.

எம்.ஆர்.ராதா சுட்டது 1967 ஜனவரி 12-ஆம் தேதி. அடுத்த மாதமே தேர்தல். கழுத்தில் கட்டுடன் படுக்கையில் இருக்கும் எம்.ஜி.ஆரின் புகைப்படம் சுவரொட்டியாகத் தமிழ்நாடு முழுக்க ஒட்டப்பட்டது. அவர் பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். அது அசையாத படம்தான். கிராமத் திடலில் வீடியோ போடும் வசதி அன்று கிடையாது. சென்னைக்கு டெலிவிஷன் வந்ததே 1975-இல்தான்.

வீடியோ வந்தது 1984-இல். அந்த அக்டோபரில் உடல்நலம் கெட்டு சென்னையில் சேர்க்கப்பட்டு, பிறகு நியூயார்க் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் தேர்தலுக்காக, அங்கே அவர் இருக்கும் காட்சிகள் வீடியோவாக ஊர் ஊராகக் காட்டப்பட்டன. ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார்.

இரண்டும் ஏன் ஒட்டிக்கொண்டன என்று பாருங்கள். அதே மனிதர், அதே ஆஸ்பத்திரிப் படுக்கை, அதே தேர்தல், அதே வெற்றி. போதாததற்கு இரண்டு முறையும் பேச்சு பாதிக்கப்பட்டது. 1967-இல் தொண்டையில் பாய்ந்த குண்டால், 1984-இல் நோயால். இவ்வளவு ஒற்றுமை இருந்தால் மனசு இரண்டு கோப்புகளை வைத்துக்கொள்ளாது.

பார்க்காத காட்சியையே பார்த்ததாக நம்புவதும் நடக்கிறது. 1992 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. மோதும் கணத்தை யாரும் படம் பிடிக்கவில்லை. சில மாதம் கழித்து நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள், அந்தக் காட்சியை டி.வி.யில் பார்த்தீர்களா என்று விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் பார்த்தேன் என்றார்கள். பிறகு வெளிவந்த படங்களும் செய்திகளும் சேர்ந்து அவர்கள் மனதில் ஒரு காட்சியை ஓடவிட்டிருந்தன. உங்கள் நிலை அதைவிட மேல். நீங்கள் பார்த்த இரண்டுமே நிஜம். மகனிடம் இரண்டு தேதிகளையும் சொல்லுங்கள்.

கேள்வி: 'திருவிளையாடல்' படத்தைச் சின்ன வயதில் தியேட்டரில் பார்த்தேன். வசனம் முழுக்க மனப்பாடம். போன மாதம் மறுபடி பார்த்தால் பல காட்சிகள் நான் நினைத்திருந்த மாதிரியே இல்லை. காட்சிகளை மாற்றிவிட்டார்களா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: படம் மாறவில்லை. நீங்கள் அதைக் காதால் பலமுறை 'பார்த்திருக்கிறீர்கள்'. தமிழர்களுக்கு இது மிகச் சாதாரணமாக நடக்கிற விஷயம், இதைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்பது எங்கள் ஆதங்கம்.

வானொலியில் ஒலிச்சித்திரம் என்று போடுவார்கள். முழுப் படத்தின் ஒலியை வெட்டிச் சுருக்கி, இடையில் அறிவிப்பாளர் கதையைச் சொல்லி இணைத்து ஒலிபரப்புவது. கோயில் திருவிழா, கல்யாண வீடு என்றால் ஒலிபெருக்கியில் கதை வசனத் தட்டு, பிறகு கேசட். 'திருவிளையாடல்' (1965), 'ரத்தக்கண்ணீர்' (1954) எல்லாம் அப்படித்தான் ஊரெங்கும் ஒலித்தன. வசனத்தைக் கேட்கும்போது மனசு தானாகவே மண்டபம், முகம், உடை எல்லாம் வரைந்துகொள்ளும். வருடங்கள் போனபின், வரைந்தது எது, திரையில் கண்டது எது என்ற அடையாளச் சீட்டு கழன்றுவிடும். படம் ஞாபகத்தில் நிற்கும், அது எங்கிருந்து வந்தது என்பது நிற்காது.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மறுபடி பார்ப்பதற்கு முன்னால், ஞாபகத்தில் இருக்கும் காட்சிகளில் ஐந்தாறை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதில் யாராவது பேசுகிறார்களா என்று குறியுங்கள். படத்தில் வசனமே இல்லாத இடங்கள் நிறைய இருக்கும்: ஒருவர் நடந்து வருவது, ஒரு பார்வை, சபையில் ஒருவர் எழுந்து நிற்பது. ஒலிச்சித்திரத்தில் இவற்றை வெட்டிவிடுவார்கள், அல்லது அறிவிப்பாளர் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார். நீங்கள் எழுதியவை எல்லாமே பேச்சுக் காட்சிகளாக இருந்து, பேச்சில்லாத ஒரு கணம்கூட வரவில்லை என்றால், ஞாபகம் பெரும்பாலும் காது வழியே வந்தது. பேச்சில்லாத இரண்டு இடங்களாவது சரியாக இருந்தால், தியேட்டரில் பார்த்திருக்கிறீர்கள். அதன்மேல் வானொலி படிந்திருக்கிறது.

மறுபடி பார்த்துவிட்ட படத்துக்கு இந்தச் சோதனை செல்லாது. இப்போது பார்த்தது பழையதோடு கலந்திருக்கும். நீண்டநாள் பார்க்காத வேறொரு படத்தில் செய்து பாருங்கள்.

கேள்வி: 'நாடோடி மன்னன்' கலர் படம் என்கிறேன் நான். கறுப்பு வெள்ளை என்று நண்பர் பந்தயம் கட்டுகிறார். (சேலம் வாசகர்)

பதில்: பந்தயப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். 1958-இல் வந்த அந்தப் படத்தின் முற்பகுதி கறுப்பு வெள்ளை, சரோஜாதேவி வரும் பிற்பகுதி கேவா கலர். முழு நீளமும் வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம் அதற்கு முன்பே, 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'.

வண்ண விஷயத்தில் ஏமாற இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது 1982-இல். அதற்கப்புறமும் பல வருடம் வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். 'கர்ணன்' (1964) போன்ற வண்ணப் படத்தை அந்தப் பெட்டியில் மட்டும் பார்த்தவர், கறுப்பு வெள்ளைப் படம் என்று சத்தியம் செய்வார். எதிர்த்திசையிலும் நடக்கும். 1957-இல் வந்த தெலுங்கு 'மாயாபஜார்' 2010-இல் வண்ணம் ஏற்றி வெளியிடப்பட்டது. இந்தி 'முகல்-ஏ-ஆஸம்' (1960) ஒருசில பகுதி மட்டும் வண்ணமாக வந்து, 2004-இல் முழுக்க வண்ணமாக்கப்பட்டது. ஆகவே படத்தின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், எந்த வருடம், எந்தத் திரையில் என்றும் கேளுங்கள்.

கேள்வி: 'தரைமேல் பிறக்க வைத்தான்' கண்ணதாசன் பாட்டு என்று 50 வருடமாகச் சொல்லி வருகிறேன். இல்லை என்கிறாள் பேத்தி. (காரைக்குடி வாசகர்)

பதில்: பேத்தி சொல்வது சரி. 'படகோட்டி' (1964) பாடல்கள் வாலி எழுதியவை. நன்றாக இருக்கும் பழைய பாட்டென்றால் கண்ணதாசன் கணக்கில் வரவு வைப்பது நம் பழக்கம். பெரிய பெயர் சின்னப் பெயரை இழுத்துக்கொள்ளும், அன்று வாலி வளர்ந்துகொண்டிருந்தவர். 'நாடோடி மன்ன'னில் வரும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் 'தூங்காதே தம்பி தூங்காதே'வுக்கும் இதே கதி நேர்கிறது.

சரிபார்க்கும்போது வருடத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கண்ணதாசன் மறைந்தது 1981 அக்டோபரில். 'மூன்றாம் பிறை' வந்தது 1982-இல். அதனால் 'கண்ணே கலைமானே' அவருடையது இல்லை என்று வாதிட்டால் தோற்பீர்கள். படம் வெளியாகுமுன்பே பாட்டு எழுதப்பட்டுவிடுகிறது, அது அவருடையதுதான்.

படத்தின் டைட்டிலில் நாலைந்து கவிஞர் பெயர் ஒன்றாக வரும், எது யாருடையது என்று தெரியாது. தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம் கிடைத்தால், பாட்டுக்குப் பாட்டு பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களும் சினிமா இதழ்களும் பாதுகாக்கப்படுகின்றன.

கேள்வி: கோடிக்கணக்கானவர்கள் ஒரே மாதிரி தப்பாக ஞாபகம் வைத்திருப்பது எப்படி? 'மண்டேலா விளைவு' என்கிறார்களே? (கோவை வாசகி)

பதில்: நெல்சன் மண்டேலா 1980-களிலேயே சிறையில் இறந்துவிட்டதாகப் பலர் நினைத்திருந்ததால் வந்த பெயர். அவர் 1990-இல் விடுதலையாகி, 2013 டிசம்பரில்தான் மறைந்தார்.

எல்லோரும் ஒரே தப்பைச் செய்யக் காரணம், எல்லோரும் ஒரே இடத்திலிருந்து இரண்டாம் கையாகக் கேட்டதுதான். 'ஷோலே' (1975) வசனத்தைச் சொல்லச் சொன்னால், பலரும் 'அரே ஓ சாம்பா, கித்னே ஆத்மி தே?' என்பார்கள். படத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கொள்ளைக்கூட்டத் தலைவன் கப்பர் கேட்பது தன் மற்ற ஆட்களிடம். சாம்பாவிடம் கேட்பது, தன் தலைக்கு அரசாங்கம் எவ்வளவு பரிசு வைத்திருக்கிறது என்று. மேடை மிமிக்ரிக்கு ஒரே வரி போதும், ஆகவே பெயரையும் கேள்வியையும் ஒட்டினார்கள். மூலப் படத்தை நாம் இரண்டு தடவை பார்த்திருந்தால், ஒட்டு வரியை இருநூறு தடவை கேட்டிருப்போம்.

கேள்வி: எங்கள் பாட்டிக்கு 84 வயது. அவர் பார்த்த படங்கள், தியேட்டர்கள் பற்றிப் பதிவு செய்ய ஆசை. தவறில்லாமல் எப்படிக் கேட்பது? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: தள்ளிப்போடாமல் தொடங்குங்கள். கவனமாக இருக்கவேண்டியது உங்கள் கேள்விகளில்தான். 'அதுல பத்மினிதானே பாட்டி?' என்று கேட்டால், அடுத்த முறை பத்மினி அவர் ஞாபகத்திலேயே உட்கார்ந்துவிடுவார். 1974-இல் உளவியல் ஆராய்ச்சியாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, ஒரு குழுவிடம் கார்கள் 'நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும், இன்னொரு குழுவிடம் 'மோதியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றபோது, முதல் குழுவில் 50-க்கு 16 பேர், இரண்டாவதில் 7 பேர் ஆமாம் என்றனர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஒரே ஒரு வார்த்தை செய்த வேலை அது.

ஆகவே முதல் சந்திப்பில் பெயர், போஸ்டர், பாட்டு எதுவும் கொடுக்காதீர்கள். 'தியேட்டருக்கு எப்படிப் போனீங்க, யார் கூட வந்தா, எங்க உட்கார்ந்தீங்க' என்று தொடங்கி அவர் போக்கில் பேச விடுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதி போட்டுப் பதிவு செய்யுங்கள். தாத்தாவோ சித்தப்பாவோ இருந்தால் தனியே கேளுங்கள். ஒரே கூடத்தில் கேட்டால், சத்தமாகப் பேசுகிறவரின் ஞாபகம் மற்றவருக்கும் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பதிவுகள் முடிந்தபிறகுதான் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். அப்போது அவர் சொல்வதை வேறு நிற மையில் எழுதிவையுங்கள்.

தேதிக்குப் படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழைப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் ஒரு சிக்கல்: 1952 சினிமாட்டோகிராஃப் சட்டப்படி சான்றிதழ் 10 வருடத்துக்குத்தான் செல்லும் என்றிருந்ததால், மறுபடி வெளியிட்ட பிரதிகளில் பிந்தைய தேதி இருக்கலாம். வெளியான வார நாளிதழின் சினிமா விளம்பரம் அதைவிட நம்பகமானது. படத்தின் பெயர், தியேட்டர், காட்சி நேரம் மூன்றும் அதில் இருக்கும்.

பாட்டி சொன்ன தியேட்டரில் அந்தப் படம் ஓடவில்லை என்று தெரியவந்தாலும், அவர் சொன்னதை அழிக்காதீர்கள். பக்கத்தில் விளம்பரத் தகவலை எழுதிவையுங்கள். வேறு எந்தப் படத்தை அவர் அந்தத் தியேட்டரில் பார்த்தார் என்பது இன்னொரு நாள் தானாக வரும்.